மூன்று வயதில் ஏபிசிடி எழுதாவிட்டால் என்ன? மொரீஷியஸில் வளரும் ஒரு பிள்ளையின் அம்மாவுக்கு

நீங்கள் கேட்டது இதுதான். திருச்சியிலிருந்து மொரீஷியஸின் காத்ர் போர்னுக்கு வந்து ஒன்றரை வருடமாகிறது. மகனுக்கு மூன்று வயது முடிந்து இரண்டு மாதம். ஜனவரியிலிருந்து மாத்தர்நெல், அதாவது இங்கத்து நர்சரிப் பள்ளிக்குப் போகிறான். அங்கே எழுத்தே சொல்லித் தருவதில்லை, மணலிலும் தண்ணீரிலும் விளையாடவிட்டு அனுப்புகிறார்கள். ஊரில் உங்கள் அக்கா மகன் அதே வயதில் ஏ முதல் இசட் வரை எழுதுகிறான். உங்கள் பிள்ளையோ தமிழையும் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலையும் கலந்தடித்துப் பேசுகிறான். வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். சின்ன வயது வளர்ச்சியைப் பற்றி அடிப்படையாக என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழை நிறுத்தாதீர்கள், ஒரு நாள்கூட. மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

நான் கும்பகோணத்தில் பிறந்து, ரோஸ் ஹில்லில் வாழ்க்கைப்பட்டவள். இருபத்தாறு வருடம் சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்தேன். அந்த வேலைக்கு வருவதற்கு முன்னால், என் மூத்த மகளுக்கு இரண்டரை வயதாக இருந்தபோது, விவரம் தெரிந்தவர் என்று நான் நம்பிய ஒருவர் உங்களுக்குச் சொன்ன அதே யோசனையை எனக்கும் சொன்னார். "பிள்ளை குழம்பிப்போவாள், ஒரே மொழியில் பேசுங்கள், பிரெஞ்சு போதும்" என்றார். நானும் கேட்டுக்கொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எவ்வளவு? வா, உட்கார், சாப்பிடு, தொடாதே, தூங்கு. அவ்வளவுதான். கொஞ்சத் தெரியாது, கதை சொல்லத் தெரியாது, அவள் கேட்கும் "ஏன்"களுக்குப் பதில் சொல்லத் தெரியாது. கொஞ்ச நாளிலேயே என் பேச்சு முழுக்க உத்தரவாகிவிட்டது. அவளும் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். மறு வருடம் என் அம்மா ஊரிலிருந்து வந்தார். வாசல் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "இங்க வாடி தங்கம், பாட்டிக்கு ஒரு கை உதவு" என்று கூப்பிட்டார். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். பாட்டி என்ன சொன்னார் என்று அவளுக்குப் புரியவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கீரையை மட்டும் வேகமாக உருவினார். அன்று இரவிலிருந்து நான் மறுபடியும் தமிழில் பேச ஆரம்பித்தேன். திரும்பப் பிடிக்க இரண்டு வருடம் ஆனது. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

சரி, அடிப்படைக்கு வருவோம். குழந்தை பிறக்கும்போது அதன் மூளை பெரியவர்கள் மூளையில் கால்வாசி அளவு இருக்கும். மூன்று வயதுக்குள் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் தொட்டுவிடும். முதல் சில வருடங்களில் ஒவ்வொரு விநாடிக்கும் 10 லட்சத்துக்கு மேல் புதிய நரம்பு இணைப்புகள் உண்டாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியமான விஷயம் வேறு. உண்டானதெல்லாம் நிலைப்பதில்லை. அடிக்கடி பயன்படும் இணைப்பு பலப்படும், பயன்படாதது உதிர்ந்துவிடும். ஆள் நடமாடும் ஒற்றையடிப் பாதை தெளிவாக இருக்கும், நடமாடாத பாதையில் புல் மூடிவிடும், அதுபோல.

எந்தப் பாதையில் நடமாட்டம் இருக்கும் என்பதை எது தீர்மானிக்கிறது? அட்டைப் படங்களும் பாட்டுப் பாடும் பொம்மைகளும் இல்லை. எதிரில் இருக்கும் ஆள். குழந்தை "ங்கா" என்கிறது, நீங்கள் "என்னடா ராஜா, பசிக்குதா" என்கிறீர்கள். அது காலை உதைக்கிறது, நீங்கள் சிரிக்கிறீர்கள். பந்து போட்டுப் பிடிப்பது மாதிரியான இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் அம்மாவை, இரண்டு நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் சும்மா பார்க்கச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். அம்மா முகம் மாறாவிட்டால் தலையைத் திருப்பிக்கொள்ளும், அழும். பேச்சே வராத வயதில்கூட, தான் போட்ட பந்து திரும்பி வரவில்லை என்பது அதற்குத் தெரிகிறது. செல்பேசியில் மூழ்கியிருக்கும் நம் முகமும் குழந்தைக்கு அப்படித்தான் தெரியும். பயமுறுத்தச் சொல்லவில்லை. அம்மா மறுபடி முகம் கொடுத்ததும் அந்தக் குழந்தைகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. எல்லா நேரமும் முகம் கொடுக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. விட்டுப்போனால் திரும்பிப் பிடித்துக்கொண்டால் போதும்.

மொழிக்கும் இதே கதைதான். பெட்ரிஷியா கூல் என்பவரின் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார்கள். ஒரு பகுதிக்கு நேரில் ஒருவர் வந்து பேசி, விளையாடி, புத்தகம் காட்டினார். இன்னொரு பகுதிக்கு அதே ஆள், அதே பேச்சு, ஆனால் திரையில். நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்து அறிந்தன. திரையில் பார்த்தவை ஒன்றும் கற்கவில்லை. ஆங்கிலம் வரட்டும் என்று யூடியூபைப் போட்டுவிடும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். பிறந்த குழந்தைக்கு உலகத்து மொழிகளின் ஒலிகளையெல்லாம் பிரித்தறியும் காது இருக்கிறது. முதல் பிறந்தநாளை நெருங்கும்போது, தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழிக்கு அந்தக் காது பழகிக்கொள்கிறது. நம்முடைய லகர, ளகர, ழகர வித்தியாசம் ஒரு வீட்டில் நிலைப்பதும், இன்னொரு வீட்டில் எல்லாம் ஒரே "ல" ஆவதும் இப்படித்தான். இந்தத் தீவில் மூன்று, நான்கு தலைமுறையாகத் தமிழ்க் குடும்பம் என்று சொல்லிக்கொள்ளும் வீடுகளில் கோயில், காவடி, வாழையிலையில் செட் கறி என்னும் ஏழு வகைக் கறி எல்லாம் இருக்கும், பேச்சு மட்டும் கிரியோலில் இருக்கும். என் மாமியார் தேவாரத்தை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு கண்ணீரோடு பாடுவார். பக்தியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ழகரத்துக்காக அவர் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

உங்கள் மகன் கலந்து பேசுவது குழப்பம் இல்லைம்மா. ஒரு உதாரணம் சொல்கிறேன். என் வகுப்பில், உங்களைப் போலவே ஊரிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன், "மிஸ், தண்ணி தொன் ம்வா" என்பான். கிரியோலில் முறையாகச் சொன்னால் "தொன் ம்வா தீலோ", அதாவது "கொடு எனக்குத் தண்ணீர்" என்ற வரிசையில் வரும். இவன் தண்ணீரை முன்னால் வைத்து, கொடு என்பதைப் பின்னால் தள்ளுகிறான். தமிழ் வாக்கியத்தின் எலும்புக்கூட்டில் கிரியோல் சொற்களை உட்காரவைத்திருக்கிறான்! எவ்வளவு பெரிய வேலை அது. ஒரு மொழியில் சொல் கிடைக்காத இடத்தில் இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்வதை இருமொழிக் குழந்தைகள் எல்லா நாட்டிலும் செய்கின்றன. அவனுக்கு எத்தனை சொல் தெரியும் என்று எண்ணும்போது தமிழில் 200, கிரியோலில் 150 என்றால், இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒன்றை மட்டும் எண்ணிவிட்டு "பின்தங்கியிருக்கிறான்" என்று சொல்வது அநியாயம். நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். அவன் "தண்ணி தொன் ம்வா" என்றால் திருத்தாமல், "தண்ணி வேணுமா? இந்தா, தண்ணி குடிச்சுக்கோ" என்று முழுத் தமிழில் திருப்பிக் கொடுங்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் பள்ளியில் வந்துவிடும், இந்த ஊரில் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. தமிழுக்கு அவனிடம் இருப்பது நீங்கள் இருவரும்தான்.

பள்ளி வாசலில் இன்னும் அழுகிறானா என்று நீங்கள் எழுதவில்லை. அழுதாலும் கவலை வேண்டாம். மேரி ஐன்ஸ்வர்த் என்பவர் 1950களில் உகாண்டா கிராமங்களில் வீடு வீடாகப் போய்த் தாயையும் சேயையும் கவனித்தார். பயம் வந்தால் அம்மாவிடம் ஓடுவது, தைரியம் வந்ததும் அம்மாவை விட்டு விலகிப்போய் உலகத்தைப் பார்ப்பது என்ற இரண்டும் ஒரே பாசத்தின் இரண்டு பக்கங்கள் என்று அவர் அங்கே கண்டார். தாய்மடி ஓர் ஊன்றுகோல் மாதிரி. அது உறுதியாக இருந்தால்தான் பிள்ளை தூரம் போகும். எனவே "அம்மா இப்ப வந்துடுவேன்" என்று பொய் சொல்லிவிட்டு நழுவாதீர்கள். "நான் போறேன், நீ சாப்பிட்டு விளையாடி முடிச்சதும் வருவேன்" என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்தில் வாருங்கள்.

இப்போது எழுத்து விஷயம். ஊரில் அக்கா மகன் எழுதுகிறான் என்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் ஒரு மூன்று வயதுக் கையை உள்ளே பார்த்தால் என்ன இருக்கும் தெரியுமா? மணிக்கட்டுச் சிற்றெலும்புகள் பிறக்கும்போது குருத்தெலும்பாகத்தான் இருக்கின்றன, பல வருடங்களில் ஒவ்வொன்றாக எலும்பாகின்றன. முதலில் தோள் வலுக்கும், அப்புறம் முழங்கை, அப்புறம் மணிக்கட்டு, கடைசியில்தான் விரல் நுனி. மூன்று வயதுப் பிள்ளை பென்சிலை முழுக்கையாலோ நாலு விரலாலோ பிடிப்பது இயல்பு. மூன்று விரல் பிடி பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் தானாக அமையும். அதற்குமுன் கட்டாயப்படுத்தி வரி வரியாக எழுத வைத்தால் பிடி கோணலாகப் பழகும், அதைவிட மோசமாக, எழுதுவது என்றாலே வெறுப்பு வரும். மாத்தர்நெல்லில் அவன் மணலைத் தோண்டுவதும் ஈரத்துணியைப் பிழிவதும் களிமண்ணை உருட்டுவதும் எழுதுவதற்கான வேலைதான். வீட்டில் கோலமாவு வைத்திருக்கிறீர்கள் அல்லவா? ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் கொடுத்து வாசலில் விட்டுவிடுங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவை எடுத்துச் சிந்தும் அந்த அசைவு, பென்சில் பிடிக்கு அப்படியே தயாரிப்பு. கீரை உருவுவதும் பட்டாணி உரிப்பதும் அதே வேலையைச் செய்யும். எழுத்தை அவன் அடையாளம் கண்டு கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்லிக் கொடுங்கள். நம் தீவின் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து அச்சாகியிருக்கிறது, கடைக்குப் போகும்போது அதைக் காட்டுங்கள், கண் விரிய பார்ப்பான். நான் வேண்டாம் என்பது கேட்காத கையைப் பிடித்து எழுத வைப்பதை மட்டும்தான்.

"விளையாட விடுகிறார்கள்" என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். என் வகுப்பில் ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன். நான்கு வயதுக்காரர்கள் ஆறு பேருக்கு அலூடா என்ற இனிப்புப் பால் பானம் ஊற்றினேன். ஐந்து பேருக்குக் குட்டையான அகலக் குவளை, ஒருத்திக்கு மட்டும் ஒல்லியான உயரக் குவளை. அளவு எல்லாருக்கும் ஒன்றுதான், அவர்கள் கண் முன்னால்தான் அளந்து ஊற்றினேன். ஐந்து பேரும் கத்த ஆரம்பித்துவிட்டார்கள், "அவளுக்கு அதிகம்!" என்று. உயரக் குவளையிலிருந்ததை அகலக் குவளைக்கு மாற்றிக் காட்டினேன். "இப்ப சரி" என்றார்கள். மறுபடி உயரக் குவளைக்கு மாற்றினேன். "இப்ப மறுபடி அதிகமாயிடுச்சு!" ஜெனிவாவில் ஜான் பியாஜே என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகளுக்கு முன்னால் கண்ணாடிக் குவளைகளை வைத்துப் பார்த்த அதே விஷயம். இந்த வயதில் கண்ணுக்குத் தெரியும் உயரம்தான் உண்மை, உருவம் மாறினாலும் அளவு மாறாது என்ற எண்ணம் பொதுவாக ஆறேழு வயதை ஒட்டித்தான் உறுதிப்படும். இதை வெறும் வாயால் சொல்லிப் புரியவைப்பது கடினம். நூறு தடவை தண்ணீரை ஊற்றி, கொட்டி, நிரப்பித்தான் அந்த அறிவு வரும். உங்கள் மகன் தண்ணீர்த் தொட்டியில் செய்துகொண்டிருப்பது கணக்கின் ஆரம்பப் பாடம்.

அன்று அலூடாவைக் குடித்து முடித்தபின், ஒரு பிள்ளை குவளையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே இருந்தான். "மிஸ், அது ஒல்லியா இருக்கறதால மேல ஏறிக்குது" என்றான். இன்னும் அவனுக்கு முழுசாகப் பிடிபடவில்லை, ஆனால் விளிம்பில் நிற்கிறான். லெவ் வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் சொன்னது இந்த விளிம்பைத்தான். பிள்ளை தனியாகச் செய்யக்கூடியது ஒன்று, யாராவது கொஞ்சம் கைகொடுத்தால் செய்யக்கூடியது இன்னொன்று, இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் கற்றல் நடக்கிறது. சட்டைப் பொத்தானை நீங்களே போட்டுவிட்டால் அவன் கற்கமாட்டான், "நீயே போட்டுக்கோ" என்று விட்டுவிட்டால் அழுவான். துளைக்குள் பாதி நுழைத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தை இழுக்கச் சொல்லுங்கள். அந்தப் பாதிதான் ஆசிரியர் வேலை.

விளையாட்டில் இன்னொன்றும் வளர்கிறது, பெற்றோர் கண்ணுக்கு அது அவ்வளவாகப் படுவதில்லை. தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் திறன். ஆசையை அடக்கி முறைக்காகக் காத்திருப்பது, விதியை மனதில் வைத்துக்கொள்வது, விதி மாறினால் தானும் மாறுவது என எல்லாம் மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் வேகமாக வளரும். பள்ளியில் உட்கார்ந்து படிக்க ஏபிசிடியைவிட இதுதான் அதிகம் தேவைப்படும். இதற்குத் தனிப் பயிற்சி எதுவும் வாங்க வேண்டாம். நாம் விளையாடிய கல்லா மண்ணா போதும். "கல்" என்றால் கல்லில் நிற்கக் கூடாது, "மண்" என்றால் மண்ணில் நிற்கக் கூடாது. ஓடுகிற காலை மூளை பிடித்து நிறுத்த வேண்டும். மூன்று வயதில் அவன் தோற்றுக்கொண்டே இருப்பான், தோற்கட்டும், ஐந்து வயதில் உங்களைத் தோற்கடிப்பான்.

நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே நடந்த ஒரு பெரிய ஆய்வைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் பதில் முழுமையாகாது. 1972இல் வக்கோவாவிலும் காத்ர் போர்னிலும், 1969, 1970 வாக்கில் பிறந்த 1,795 மூன்று வயதுப் பிள்ளைகளைச் சோதித்துப் பதிவு செய்தார்கள். பீட்டர் வெனபிள்ஸ், சார்னாஃப் மெட்னிக், நம் தீவின் சிரில் தாலே, பின்னாளில் ஏட்ரியன் ரெய்ன் ஆகியோர் இதில் பணியாற்றினார்கள். அந்தப் பிள்ளைகளில் 100 பேரை மூன்றிலிருந்து ஐந்து வயது வரை இரண்டு நர்சரிகளில் வைத்து வளர்த்தார்கள். அங்கே பால், பழச்சாறு, மீனோ கோழியோ ஆட்டிறைச்சியோ சேர்த்த சூடான சாப்பாடு, காய்கறி சாலட் கிடைத்தன. உடற்பயிற்சி, வெளியே நடை, விளையாட்டு என்று ஒரு நாளைக்குச் சராசரியாக இரண்டரை மணி நேரம். ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை. மற்றப் பிள்ளைகள் வழக்கம்போல அன்றைய சின்னப் பள்ளிகளுக்குப் போனார்கள். அங்கே முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியை, ஏபிசி சொல்லிக் கொடுக்கும் பாடத்திட்டம், பள்ளியில் சாப்பாடும் உடற்பயிற்சியும் கிடையாது, பிள்ளைகள் மதியம் சாப்பிட்டது பெரும்பாலும் ரொட்டியோ சோறோதான்.

அப்புறம் என்ன ஆனது? 11 வயதில் மூளை அலைகளைப் பதிவு செய்தபோது, அந்த 100 பேரின் மூளைச் செயல்பாடு அதிக முதிர்ச்சியும் விழிப்பும் உள்ளதாகத் தெரிந்தது. 17 வயதில் முரட்டு நடத்தை குறைவாக இருந்தது. 23 வயதில் குற்றச் செயல்களும் குறைவு. மூன்று வயதில் சத்துக் குறைவாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் பலன் அதிகம். இந்த முடிவுகள் 2001லும் 2003லும் வெளியாயின. சாப்பாடு, ஓட்டம், ஆசிரியை கவனம் மூன்றும் ஒன்றாகக் கிடைத்ததால், எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஏபிசி மட்டும் கிடைத்த பிள்ளைகளுக்கு எதிரில் வைத்து ஒப்பிட்டதால், உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் உலகத்தில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் பக்கத்து வீட்டில் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய யாராவது அந்தப் பிள்ளைகளில் ஒருவராக இருக்கக்கூடும்.

சாப்பாடு என்றதும் இரண்டு விஷயம். ஐந்து வயதை ஒட்டி, உடல் ஓய்வில் செலவழிக்கும் சக்தியில் பாதிக்கு மேல் மூளைக்கே போகிறது. மூளைக்கு இரும்புச்சத்து மிக முக்கியம், அது குறைந்தால் கவனமும் சுறுசுறுப்பும் குறையும். இங்கே சந்தையில் "ப்ரேத் முரூம்" என்று விற்பது நம் முருங்கைக்கீரைதான், பெயர்கூட நம்மிடமிருந்து போனது. பருப்போடு சேர்த்துச் சமைத்து, கடைசியில் எலுமிச்சை பிழியுங்கள். புளிப்பிலுள்ள சத்து இரும்பை உடம்பு உறிஞ்ச உதவும். வாரத்தில் சில நாளாவது மீனோ முட்டையோ கொடுங்கள். சைவம் என்றால் பயறு, கொண்டைக்கடலை. சாப்பாட்டோடு வனிலாத் தேநீர் கொடுக்கும் பழக்கம் இந்த ஊரில் உண்டு, பிள்ளைக்கு வேண்டாம். தேயிலை இரும்பை உறிஞ்சவிடாது.

ஒப்பிடுவதைப் பற்றி. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, ஓமன், நார்வே, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரந்து கிடக்கிறது. தவழாமலேயே நடந்த குழந்தைகளும் நூற்றுக்கு நாலு பேர் இருந்தார்கள். எல்லாம் இயல்பு. ஒன்பது மாத இடைவெளி இயல்பு என்றால், அக்கா மகனோடு மாதக் கணக்கு போட்டு என்ன ஆகப்போகிறது?

ஆனால் "எல்லாம் தானா வந்துடும்" என்று கண்ணை மூடிக்கொள்வதும் தவறு. ஒரு வயதாகியும் மழலைச் சத்தம் இல்லை, பதினாறு மாதமாகியும் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதாகியும் "பால் குடு" என்பதுபோல இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, எதையும் விரலால் சுட்டிக் காட்டி உங்களைப் பார்க்கச் சொல்வதில்லை, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முக்கியமாக, பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழந்தால் எந்த வயதிலும் தாமதிக்கக் கூடாது. முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். இருமொழி வீடு என்பதால் தாமதம் என்று யாராவது சொல்லித் தள்ளிப்போட்டால் ஏற்காதீர்கள், இரண்டு மொழியிலும் சேர்த்தே பேச்சு குறைவு என்றால் காரணம் வேறு. உங்கள் மகன் கலந்தாவது வாக்கியமாகப் பேசுகிறான், அதனால் இந்தப் பட்டியல் அவனுக்குப் பொருந்துவதாக எனக்குத் தெரியவில்லை.

திரையைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, இரண்டு முதல் நான்கு வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. அதே வயதில் மூன்று மணி நேரம் ஓடியாட வேண்டும். மூன்று, நான்கு வயதில் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம் தூக்கம். அடிப்பதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. இங்கே 2020ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் 2022இலிருந்து நடைமுறையில் இருக்கிறது, வீட்டிலும்கூட அடிப்பதை அது தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், பயந்திருக்கும் மூளை தப்பிப்பதை மட்டும்தான் யோசிக்கும், கற்காது. அதை வகுப்பில் நான் வருடக்கணக்காகப் பார்த்தேன். எந்தப் பிள்ளை வீட்டில் அடி வாங்குகிறது என்று, நான் கையை உயர்த்திக் கரும்பலகையைத் துடைக்கும்போதே தெரிந்துவிடும். அது கண்ணைச் சுருக்கும்.

இன்று சாயங்காலம் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். இந்தத் தீவில் ஒரு பழைய விளையாட்டு இருக்கிறது. பெரியவர் "சிராந்தான்!" என்பார், பிள்ளைகள் "சாம்பேக்!" என்று கத்துவார்கள். உடனே விடுகதை வரும். "தீலோ திபூத்?" அதாவது, நிற்கிற தண்ணீர் எது? "கான்!" கரும்பு. "தீலோ பாந்தி?" தொங்குகிற தண்ணீர் எது? "கோக்கோ!" தேங்காய். கேட்கிறவர், பதில் சொல்கிறவர், மறுபடி கேட்கிறவர் என்று பந்து போய்ப்போய் வரும். அவன் மாத்தர்நெல்லிலோ பக்கத்து வீட்டிலோ இதைக் கேட்டிருக்கலாம். நீங்கள் தமிழில் கேளுங்கள், "நிக்கிற தண்ணி எது, தொங்குற தண்ணி எது?" பேருந்தில் போகும்போது ஜன்னலில் கரும்புத் தோட்டம் வரும், அங்கேயே கேட்கலாம். ஒரு வாரம் கழித்து அவனையே ஒரு விடுகதை கட்டச் சொல்லுங்கள். தப்பும் தவறுமாக, பாதி தமிழும் பாதி கிரியோலுமாக ஏதாவது சொல்வான். யோசித்து விடை சொல்லுங்கள். தெரியாவிட்டால் தோற்றேன் என்று ஒப்புக்கொண்டு விடையைக் கேளுங்கள்.

நாளைக்கு அவனை அழைத்து வரப்போகும்போது மிஸ்ஸிடம் "எழுதினானா" என்று கேட்காமல், "யாரோடு விளையாடினான், எதற்குச் சிரித்தான், எங்கே கோபப்பட்டான்" என்று கேளுங்கள். நல்ல ஆசிரியை என்றால் முகம் மலர்ந்து சொல்வார். சொல்லத் தெரியவில்லை என்றால், அந்த வகுப்பில் ஒரு மிஸ்ஸுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள், அதைத் தனியாகப் பேசுவோம். அவன் கட்டும் முதல் விடுகதையையும் எழுதி அனுப்புங்கள். என் மகளின் மகனுக்கு இப்போது மூன்றரை வயது, தமிழில் நன்றாகப் பேசுகிறான். அவனிடம் கேட்டுப் பார்க்கிறேன்.